நூற்றியொன்றில் ஆறு நாள்

முதல் நாள்: ஹில்ஸ்போரோ, அஸ்டோரியா, ஃபோர்ட் ஸ்டீவன்ஸ்

"சினிமாக்காரங்க வச்சிருப்பாங்களே, அந்தக் கேரவனா அண்ணே?"

வாசலில் நின்ற ஆர்.வி.யைப் பார்த்ததும் தங்கச்சி, அதாவது என் நண்பனின் மனைவி, கேட்ட முதல் கேள்வி இது. அதேதான் என்றேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கரையோரம் 101ஆம் நெடுஞ்சாலையில் ஆறு நாள் போய்வர வாடகைக்கு எடுத்தது. 25 அடி நீளம், ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, சாப்பாட்டு மேசையை மடக்கினால் இன்னொன்று. கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஆள் நிற்கிற அளவுக்குக் கழிவறை. உள்ளே ஏறி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தவள், இட்லிப் பாத்திரத்துக்கு ஓர் இடம் கண்டுபிடித்த பிறகுதான் இறங்கினாள்.

நண்பனும் நானும் நாகப்பட்டினத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவன் அக்கரைப்பேட்டைக்காரன், விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. படகெல்லாம் கரையில் கிடக்கிற அந்த 61 நாளில்தானே இன்ஜினை இறக்க முடியும். கடைசி இன்ஜினையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மகன் பட்டம் வாங்குவதைப் பார்க்கத் தம்பதியாக விமானம் ஏறிவிட்டார்கள். மகன் கொர்வாலிஸில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருக்கிறான். பட்டமளிப்பு முடிந்த மறுநாளே அவனுக்கு வேலையில் சேர வேண்டியிருந்தது. "நீங்க கூட்டிட்டுப் போங்க மாமா" என்று அப்பா அம்மாவை எங்களிடம் ஒப்படைத்துவிட்டான்.

ஓட்டுநர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே வண்டியின் உயரத்தை எழுதி ஒட்டினேன். காரே ஓட்டிப் பழகினவனுக்குத் தலைக்கு மேலே பதினோரு அடிக்கு மேல் வண்டி இருக்கிறது என்பது மறந்து போகும். மரக்கிளை, பெட்ரோல் பங்க் கூரை எல்லாவற்றையும் பார்த்து ஓட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தப்படி நான் மட்டும்தான் ஓட்டலாம். நண்பன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்கூட வராது என்றதும் வாய்விட்டு, "அடப்பாவமே" என்றான்.

அஸ்டோரியாவில் கொலம்பியா ஆறு கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்தைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்துக்குப் போகும் பாலம் 4 மைலுக்கும் மேல் நீளம், 1966இல் திறந்தது. ஊருக்கு மேலே குன்றில் ஒரு தூண். உள்ளே 164 படி. உச்சியிலிருந்து என் மகள் மெல்லிய மரத்தில் செய்த குட்டி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டாள். இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான்.

சாயங்காலம் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் முகாமில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கடியில் கட்டை வைத்து மட்டம் பார்த்தோம். வண்டி சாய்ந்து நின்றால் ஃப்ரிட்ஜும் சரியாக வேலை செய்யாது, தூக்கமும் வராது. மின்சாரம், தண்ணீர் இரண்டையும் இணைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். 1906இல் தரைதட்டிய பீட்டர் அயர்டேல் என்ற பாய்மரக் கப்பலின் விலா எலும்புகள் இன்னும் மணலில் நிற்கின்றன. நண்பன் துருவைக் கையால் தடவிப் பார்த்தான். "நூறு வருசத்துக்கு மேல உப்புத்தண்ணி. இன்னும் நிக்குது பாரேன்." அந்த விபத்தில் ஒரு உயிரும் போகவில்லை என்று சொன்னேன். அதைக் கேட்டுத் தலையாட்டினான்.

திரும்பும்போது தங்கச்சி கேட்டாள்: "வழியெல்லாம் நீல போர்டு இருக்கே, அலை வரையறாப்பல, ஒரு ஆள் மேட்டுல ஓடுறாப்பல. என்ன அண்ணே அது?"

சுனாமி எச்சரிக்கைப் பலகை. 'ஆபத்துப் பகுதிக்குள் நுழைகிறீர்கள்', 'ஆபத்துப் பகுதியை விட்டு வெளியேறுகிறீர்கள்' என்று மாறி மாறி வரும். பதினான்கு வருடமாக இந்தச் சாலையில் போய் வருகிறேன். வேகக்கட்டுப்பாட்டுப் பலகையைப் போல அதையும் கண் தாண்டிப் போயிருக்கிறது. பதில் சொல்லும்போது என் குரல் எனக்கே சரியாக இல்லை.

படுக்கும் முன் பார்த்தேன். வண்டிக் கதவருகே ஒரு துணிப்பை, பக்கத்தில் அவர்கள் இருவரின் செருப்பும் வாசலைப் பார்த்தபடி. ஒழுங்கானவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்: கேனன் பீச், டில்லமூக்

காலை முழுக்க மூடுபனி. ஜூன் மாதம்தான், ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் இறங்க முடியாது. கேனன் பீச்சில் வைக்கோல்போர் பாறை 235 அடி உயரம், மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால் உச்சி பனிக்குள் இருந்தது. பாறையில் கூடு கட்டும் பஃபின் பறவைகளில் இரண்டைத் தொலைநோக்கியில் பிடித்தோம். ஆரஞ்சு அலகு, காதோரம் மஞ்சள் குஞ்சம்.

தண்ணீரில் கால் வைத்த நண்பன் அடுத்த நொடி வெளியே வந்தான். பன்னிரண்டு டிகிரி இருக்கும். "இதுல எப்படிடா மாப்ள தொழில் பண்றாங்க?"

ஒன்று மட்டும் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 1967இல் ஒரிகன் ஒரு சட்டம் போட்டது. அதன்படி மாநிலத்தின் கடற்கரை மணல் முழுக்கப் பொதுமக்களுக்கானது. எத்தனை பெரிய விடுதி கட்டினாலும் அதற்கு முன்னால் இருக்கிற மணலில் வேலி போட முடியாது. "நல்ல சட்டம்" என்று இரண்டு தடவை சொன்னான். படகு இழுத்துப் போட, வலை உணர்த்த, மீன் காயவைக்க இடம் வேண்டியவனுக்குத்தான் கரையின் அருமை தெரியும்.

டில்லமூக்கில் பாலாடைக்கட்டி ஆலையைப் பார்த்தோம். 1909இலிருந்து பால் விவசாயிகளே நடத்தும் கூட்டுறவு. ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். ராத்திரி நெஸ்கோவினுக்குப் பக்கத்தில் ஒரு முகாம். தாளிக்கும்போது புகை அலாரம் கத்தியதால் இனி அடுப்பை வெளியே மேசையில் வைத்துத்தான் சமையல் என்று பெண்கள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள்: நெஸ்கோவின், டிப்போ பே, நியூபோர்ட்

இந்த நாளை எழுதத்தான் நேரமாகும்.

கோடையில் இந்தக் கரையில் நல்ல வற்று, அதாவது கடல் உள்வாங்கும் நேரம், விடிகாலையில் வரும். ஐந்தரைக்கு எழுப்பிக் கூட்டிப்போனேன். ஒரு ஓடையை முழங்கால் குளிரில் கடந்தால் மணலில் அடிமரங்கள் நிற்கின்றன. நூறு இருக்கும். ஒரு காடு இடுப்பளவில் வெட்டப்பட்ட மாதிரி. மேலெல்லாம் சிப்பியும் பாசியும். சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற மரம், ஏறக்குறைய 2000 வருடம் பழசு. மணலுக்குள் புதைந்து கிடந்தவற்றை 1997-98 குளிர்காலப் புயல்கள் வெளியே கொண்டுவந்தன.

"காடு எப்படி அண்ணே கடலுக்குள்ள வந்துச்சு?"

தங்கச்சியிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்தக் கரைக்கு வெளியே கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் புகுந்துகொண்டே இருக்கிறது. கஸ்காடியா என்று பெயர். நம் சுமத்ரா பக்கம் இருப்பது போலத்தான். பல நூறு வருடம் இறுகிக் கிடந்துவிட்டு ஒருநாள் விடுபடும்போது கரையோரத் தரை சட்டென்று ஓர் ஆள் ஆழம்கூடத் தாழ்ந்துவிடும். உப்புத் தண்ணீர் காட்டுக்குள் ஏறி மரங்கள் நின்றபடியே சாகும். வடக்கே வாஷிங்டனில் கோப்பாலிஸ் ஆற்றங்கரையில் அப்படிச் செத்த தேவதாருக்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். எல்லாம் 1699 இலையுதிர் காலத்துக்கும் 1700 வசந்தத்துக்கும் நடுவே செத்தவை. அதே குளிர்காலத்தில் ஜப்பானில் நிலம் நடுங்காமலேயே ஒரு பேரலை வந்ததாக அந்த ஊர்க் கணக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தாய் தெரியாத அலை. இரண்டையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் நாளும் பொழுதும் வந்துவிட்டது. 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி வாக்கில்.

"இங்கயும் இருபத்தாறா?" என்றாள் தங்கச்சி.

யாரும் பேசவில்லை. ஒரு அடிமரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அதில் ஒருத்தி நண்பனின் அக்கா. பள்ளி விட்டு வந்தால் எங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் சோறு போட்டு, மீனில் முள் எடுத்துக் கொடுத்தவள். எனக்கும் அவள் அக்காதான். மூன்றாம் நாள் நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது பாலத்துப் பக்கம் படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அன்று மாலைதான் அவள் கிடைத்தாள். அந்த வார்த்தையையே நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. 'கடல் ஏறிடுச்சு' என்றுதான் அன்று எல்லாரும் சொன்னார்கள். இப்போது ஊரில் 'சுனாமி குவார்ட்டர்ஸ்' என்றால் ஒரு முகவரி.

டிப்போ பேயில் கடற்சுவரில் சாய்ந்து நின்று திமிங்கலத்தின் மூச்சு இரண்டு தடவை மேலெழுவதைப் பார்த்தோம். மகள் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நியூபோர்ட் துறையில் படகிலிருந்தே டஞ்சனெஸ் நண்டு வாங்கினோம். இங்கே பொழுதுபோக்காக நண்டு பிடிக்கிறவர்கள் ஆண் நண்டை மட்டும்தான் எடுக்கலாம், அதுவும் ஓடு ஐந்தே முக்கால் அங்குலம் அகலம் இருந்தால்தான். பெண் நண்டைத் திரும்பக் கடலில் விட வேண்டும். "சினை நண்டுக்குன்னே தனி விலை வைக்கிற ஆளுங்க நாம" என்று நண்பன் சொன்னதில் வருத்தம் இருந்தது.

வளைகுடாவின் தென்கரையில் அவர்கள் மகன் படித்த பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. 2020இல் திறந்த புதுக் கட்டடத்தின் பக்கவாட்டில் தரையிலிருந்து கூரை வரை ஒரு நீண்ட சரிவுப்பாதை. நிலம் நடுங்கினால் ஓடி ஏற வேண்டிய இடம் அந்தக் கூரை. 900 பேருக்கு மேல் நிற்கலாம். சக்கர நாற்காலியும் ஏறும். நண்பன் சுற்றிச் சுற்றி வந்து தூண்களையும் அடித்தளத்தையும் பார்த்தான். "நம்மூர் தட்டை. ஒரு மேடு கிடையாது. மாடி வீடு வச்சிருந்தவன் பொழச்சான்" என்றான்.

சௌத் பீச் முகாமில் நண்டுக் குழம்பு. அதை வர்ணிக்க ஆரம்பித்தால் விடியாது. ஆனால் இரவு பதினொன்றுக்கு வெளியே வந்தபோது தங்கச்சி மேசையருகே தனியாக உட்கார்ந்திருந்தாள். மணல்மேட்டுக்கு அந்தப்புறம் கடல் இரைந்துகொண்டே இருந்தது.

"மேடு எங்க இருக்கு அண்ணே?"

முகாமில் நுழையும்போது கொடுத்த தாளை எடுத்து வந்தேன். வெளியேறும் வழி அம்புக்குறியோடு போட்டிருந்தது. கூடும் இடம், சாலையோரம் ஒரு குன்று. பெயரே 'பாதுகாப்புப் புகலிடக் குன்று' என்ற பொருளில்தான். நிலம் ஆடி நின்றதும் யாரும் சொல்லக் காத்திருக்கக் கூடாது, காரைத் தேடக் கூடாது, நடந்தே போக வேண்டும், முதல் அலைக்கு இருபது நிமிடம்கூட இருக்காது என்று வாசித்துக் காட்டினேன். கைவிளக்கு வெளிச்சத்தில் விரலால் வழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சரி, படுக்கிறேன்" என்று எழுந்தாள்.

அந்தத் துணிப்பையில் என்ன இருக்கிறது என்று நானே கேட்டேன். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஆதார், மகனின் சான்றிதழ் நகல், ஒரு டார்ச். இருபது வருடமாக எந்த வீட்டில் படுத்தாலும் கதவோரம் அந்தப் பை இருக்குமாம்.

நான்காம் நாள்: பெர்ப்பெச்சுவா முனை, மணல்மேடுகள், பேண்டன்

காலையில் முதல் வேலையாக அந்தக் குன்றுக்கு வண்டியை விட்டேன். ஐந்து பேரும் ஏறிப் பார்த்தோம். மேலே விசேஷமாக ஒன்றும் இல்லை. 1936இல் கட்டிய யாக்கினா பாலத்தின் வளைவு தெரிகிறது, கொஞ்சம் கடல் தெரிகிறது. தங்கச்சிக்கு முகம் தெளிந்திருந்தது.

பெர்ப்பெச்சுவா முனையில் 800 அடி உயரத்தில் ஒரு கல் மண்டபம். 1930களில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு தொடங்கிய படை கட்டியது. அங்கிருந்து கரை வடக்கும் தெற்கும் மடிப்பு மடிப்பாகப் போவதை இந்தப் பயணத்தின் மிக அழகான காட்சி என்று தயங்காமல் சொல்வேன். கீழே தோர் கிணறு, பாறையில் ஒரு ஓட்டை, ஏற்றத்தில் அதன் வழியாகத் தண்ணீர் பொங்கி உள்வாங்குகிறது. பக்கத்தில் போகாதீர்கள். ஈரப்பாறை, எதிர்பாராத அலை.

ஃப்ளோரன்ஸுக்குத் தெற்கே நாற்பது மைலுக்கு மணல்மேடுகள். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது ஜெனரேட்டர் கிளம்பவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. நண்பன் இரண்டு தடவை சாவியை அமுக்கி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு டேங்க் முள்ளைப் பார்த்தான். கால் டேங்குக்குக் கீழே. "மாப்ள, இதுக்குக் குழாய் மேலாப்புல வச்சிருப்பான். ஜெனரேட்டரே எல்லா பெட்ரோலையும் குடிச்சிட்டு வண்டி நடுக்காட்டுல நிக்கக் கூடாதுல்ல." பெட்ரோல் போட்டதும் ஒரே அமுக்கில் கிளம்பியது. கடலில் நின்றுபோன இன்ஜினோடு வாழ்ந்தவனுக்கு இதெல்லாம் கையில் இருக்கிற விஷயம்.

கழிவுத் தொட்டி காலிசெய்கிற வேலையையும் முதல் நாளே அவன் எடுத்துக்கொண்டான். புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு கழிவறைத் தொட்டியை முதலில் திறங்கள். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியை அப்புறம் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும்.

ஐந்தாம் நாள்: போர்ட்மேன் கரை, கிரசண்ட் சிட்டி

ஒரிகனின் தெற்குக் கோடிக்கு அருகே பன்னிரண்டு மைல், சாமுவேல் போர்ட்மேன் பூங்கா. கடலுக்குள் பாறை வளைவுகள், நடுநடுவே தண்ணீர் பச்சையாகச் சுழல்கிறது. 345 அடி உயரத்தில் ஒரு பாலம், மாநிலத்திலேயே உயரமானது. ஓட்டுகிறவனுக்கு நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி போய்விடும்.

எல்லை தாண்டிக் கலிபோர்னியாவில் முதல் பெரிய ஊர் கிரசண்ட் சிட்டி. இதைத் தவிர்த்துவிடலாமா என்று என் மனைவி காலையிலேயே கேட்டாள். நண்பனிடம் சொன்னேன். "போவோம்" என்றான்.

1964 மார்ச் 27, புனித வெள்ளி மாலை, அலாஸ்காவில் 9.2 நிலநடுக்கம். நான்கு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, நள்ளிரவையொட்டி இந்த ஊருக்கு அலை வந்தது. முதல் அலைகள் பெரிதாக இல்லை. வடிந்ததும் கடைக்காரர்கள் சேறு அள்ளவும், இருக்கிற பொருளை எடுக்கவும் திரும்பி வந்தார்கள். நான்காவது அலைதான் எல்லாவற்றிலும் பெரியது. 11 பேர் இறந்தார்கள், 29 தெருக்கட்டுகள் அழிந்தன.

துறைமுகத்துச் சுவரில் உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்ததும் நண்பன், "அக்காவும் திரும்பித்தான் போனா" என்றான். இருபது வருடத்தில் அவன் வாயால் இதை நான் கேட்டதில்லை. "முதல் தண்ணி வடிஞ்சப்ப எங்ககூட ரோட்டுல நின்னா. குடும்ப அட்டை டிரங்குப் பெட்டியில இருக்குடா, நனைஞ்சிட்டா ரேசன் தரமாட்டான்னு ஓடினா."

தங்கச்சி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து படகுத்துறைப் பக்கம் நடந்தான். 2011 ஜப்பான் சுனாமி ஒரு முழுப் பெருங்கடலைத் தாண்டி வந்து இந்தத் துறையையும் உடைத்தது. அதற்குப் பிறகு அலையைத் தாங்குகிற மாதிரி தடித்த இரும்புத் தூண்களை இறக்கிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போனவனிடம் அந்தப் படகின் கதையைச் சொன்னேன்.

2011இல் ரிக்குசென்டகாட்டா என்ற ஜப்பானிய ஊரின் பள்ளிக்கூடத்துப் படகு ஒன்றை அலை இழுத்துப் போனது. இருபது அடி நீளம். இரண்டு வருடம் தனியாக மிதந்து 2013 ஏப்ரலில் இந்த ஊர்க் கரையில் ஒதுங்கியது. உடம்பெல்லாம் சிப்பி. இங்கேயுள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அதே வருடம் கப்பலேற்றி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 'கமோமே' என்று பெயர், கடற்பறவை. இப்போது இரண்டு ஊரும் சகோதர நகரங்கள்.

"பேரு எழுதியிருந்துச்சா படகுல?"

"எழுதியிருந்துச்சு. அத வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

"பிள்ளைங்களா சுரண்டினாங்க?" என்று மறுபடியும் கேட்டான். "அந்தச் சிப்பி லேசுல வராதுடா. கை கிழிஞ்சிரும்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அப்பாவின் ஃபைபர் படகு கிடைக்கவே இல்லை. அதன் பெயர் அக்காவின் பெயர்.

ஆறாம் நாள்: செம்மரக் காடு, வீடு

கிரசண்ட் சிட்டியிலிருந்து 199ஆம் சாலையில் உள்ளே திரும்பியதும் 'வெளியேறுகிறீர்கள்' பலகையோடு மகளின் கணக்கு முடிந்தது. முதல் நாளிலிருந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள், உள்ளே ஒரு பத்தி, வெளியே ஒரு பத்தி.

சாலையோரத்திலேயே சிம்ப்சன்-ரீட் தோப்பு. பெரிய வண்டியையும் ஓரமாக நிறுத்தலாம். ரெட்வுட் என்ற இந்தக் கடற்கரைச் செம்மரங்கள் (நம்மூர்ச் செம்மரம் அல்ல) உலகிலேயே உயரமானவை, முந்நூறு அடியைத் தாண்டிப் போகும். மழையில்லாத கோடையில் கடலிலிருந்து வரும் மூடுபனிதான் அவற்றுக்குத் தண்ணீர். உள்ளே நடந்தால் நம் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. தங்கச்சி ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து, "அந்த ராத்திரி இது இருந்திருக்குமா அண்ணே?" என்றாள். 1700ஐக் கேட்கிறாள். அந்தப் பருமனுக்கு அப்போதே பெரிய மரமாக இருந்திருக்கும் என்றேன்.

கிராண்ட்ஸ் பாஸ், அப்புறம் ஐ-5 நெடுஞ்சாலை, ஆறு மணி நேரத்துக்கு மேல் நேரோட்டம். வீடு வந்து சேர இரவு ஒன்பது. வண்டியை நாளை ஒப்படைக்க வேண்டும். சாமான்களை இறக்கினோம். இட்லிப் பாத்திரம் வீட்டு அலமாரிக்குத் திரும்பியது.

ஹில்ஸ்போரோவிலிருந்து கடல் வெகு தூரம், நடுவே ஒரு மலைத்தொடரும் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டே வாசற்பக்கம் பார்க்கிறேன். துணிப்பை கதவோரம் இருக்கிறது. அவர்கள் செருப்பு இரண்டு ஜோடி, வெளியே பார்த்தபடி. பக்கத்தில் என் மகளின் செருப்பும் அதே மாதிரி திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.